காது மடலில் ஆறாத புண்: தோல் புற்றுநோய் பற்றி வாசகர்கள் கேட்கிறார்கள்

முகம், காது, கழுத்து ஆகிய இடங்களில் ஆறாமல் இருக்கும் புண்களைப் பற்றிச் சேலம் மாவட்டத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் அறுவை சிகிச்சை மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்கள் அவர்களது விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. இளம் வயதிலிருந்தே ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவருடைய வலது காது மடலின் மேல் விளிம்பில் காய்ப்பு போல ஒன்று தோன்றி, ஐந்து மாதங்களாகப் பக்கு கட்டுவதும் உதிர்வதும் இரத்தம் கசிவதுமாக இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் சில நாட்கள் அடங்கி, மறுபடியும் வந்துவிடுகிறது. கறுத்த தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராது என்றும், குளிர்ந்த மலையில் வெயிலால் என்ன நோய் வந்துவிடும் என்றும் உறவினர்கள் சொல்கிறார்கள். நாங்கள் இன்னும் காத்திருக்கலாமா, டாக்டர்?
– வாசகி, ஏற்காடு

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இந்த வாரமே அவரைச் சேலத்துக்கு அழைத்து வந்து, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். நீங்கள் விவரித்திருப்பது புற்றுநோய்தான் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஐந்து மாதங்களாகக் காது விளிம்பில் பக்கு கட்டி, உதிர்ந்து, இரத்தம் கசியும் ஒன்றைப் பரிசோதனை செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

தோலின் மேலடுக்கில் தட்டையான செல்கள் செதில்களைப் போல அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றில் தோன்றுவதே ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். பல ஆண்டுகளாகத் தோலில் விழுந்த புற ஊதாக் கதிர்கள் அந்தச் செல்களின் மரபணுக்களில் சிறுகச் சிறுகச் சேதத்தைச் சேர்த்து வைப்பதால், இந்நோய் பெரும்பாலும் வயது முதிர்ந்தவர்களுக்கு, அதுவும் வெயில் நேராகப் படும் காது மடல், கீழுதடு, நெற்றி, வழுக்கை விழுந்த தலை, கன்னம் ஆகிய இடங்களில் வருகிறது. கறுத்த தோலில் உள்ள மெலனின் என்ற நிறமி இந்தச் சேதத்தைப் பெருமளவு தடுக்கிறது என்பது உண்மை. நம்மிடையே வெள்ளைக்காரர்களைவிட இந்த நோய் மிகவும் குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. ஆனால் குறைவு என்பதை வரவே வராது என்று எடுத்துக்கொள்வதால்தான் நம் ஊர் நோயாளிகள் காலம் கடந்து வருகிறார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் அதே எண்ணத்தில் களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

மலையின் குளிர்ச்சியைப் பற்றி உங்கள் உறவினர்கள் சொல்வது முற்றிலும் தவறானது. வெயிலில் நம்மைச் சுடுவது வேறு, தோல் செல்களைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. காற்றின் குளிர்ச்சி அந்தக் கதிரைக் குறைப்பதில்லை. மாறாக, கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அதன் அளவு ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு கூடுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய மேகத்தையும் இந்தக் கதிர் எளிதில் ஊடுருவி வந்துவிடும். சில்வர் ஓக் மர நிழலில் காப்பிப் பழம் பறிப்பவருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் திறந்த களத்தில் கொட்டை காயவைப்பவருக்கும் சாலையோரம் மூட்டை ஏற்றுபவருக்கும் அந்த நிழல் கிடையாது. தலையில் முக்காடு இட்டு வேலை செய்யும் பெண்களுக்குக் காது மறைந்துவிடுகிறது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு தலையில் துண்டை மட்டும் சுற்றிக்கொள்ளும் ஆண்களின் காது விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்தே கிடக்கிறது.

காது மடலில் வருவதை நான் தனியாக வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. உடனே குருத்தெலும்பு வந்துவிடும். ஆகவே சிறிய புண்கூட விரைவில் ஆழத்துக்குப் போய்விடுகிறது. உடலின் மற்ற இடங்களில் வரும் இதே வகைப் புற்றுநோயைக் காட்டிலும், காதிலும் கீழுதட்டிலும் வருவது நெறிக்கட்டிகளுக்குப் பரவும் வாய்ப்பு கூடுதலாக உள்ளது. ஆரம்ப நிலையில் இருந்தால், காது விளிம்பில் ஆப்பு வடிவில் சிறு பகுதியை நீக்கித் தைத்துவிடலாம். அன்றே வீடு திரும்பக்கூடிய இந்த அறுவையோடு பெரும்பாலோர்க்கு நோய் முடிந்துவிடுகிறது. வரும்போது அப்பாவின் காதுக்கு முன்னும் பின்னும், தாடைக்குக் கீழேயும் விரலால் தடவிப் பார்த்து, கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாரின் கன்னத்தில் உள்ள புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் புற்றுநோய் உடல் முழுவதும் பரவிவிடும் என்று அவர் மறுக்கிறார். புண்ணின் மேல் பற்றுப் போட்டு எரித்து எடுக்கும் வைத்தியம் செய்யலாம் என்று ஒருவர் சொன்னதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.
– வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: பயாப்ஸி செய்வதால் இந்தப் புற்றுநோய் பரவுவதில்லை. அந்த இடத்தை மரக்கச் செய்யும் ஊசி போட்டு, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு துண்டு எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். அவ்வளவுதான். கத்தி பட்டதால் பரவியது என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதை நான் அறிவேன். முற்றிய நிலையில் வந்த ஒருவருக்குப் பயாப்ஸி செய்கிறார்கள், சில மாதங்களில் அவர் இறந்துவிடுகிறார், ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அவரைக் கொன்றது அதற்கு முன் கழிந்த காலம்.

எரிக்கும் பற்றைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அரிக்கும் மருந்து மேலே தெரியும் சதையைக் கருக்கி உதிர்த்துவிடும். புண் ஆறிவிட்டது போலவும் தோன்றும். வயலில் கோரையை மேலோடு அறுத்துவிட்டு அடியில் கிழங்கை விட்டுவைப்பது போல, தழும்புக்கு அடியில் நோய் பக்கவாட்டிலும் ஆழத்திலும் வளர்ந்துகொண்டிருக்கும். அது மறுபடி வெளியே தெரியும்போது கண்ணிமையோ தாடை எலும்போ அதன் எல்லைக்குள் வந்திருக்கும். முறையான அறுவையில், கண்ணுக்குத் தெரியும் கட்டியைச் சுற்றி, ஆபத்துக் குறைவான நிலையில்கூட 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை நல்ல தோலையும் சேர்த்தே எடுத்து, அதன் விளிம்பு முழுவதும் நோயற்று இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறோம். 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் என்ற அறுவை மருத்துவர் தொடங்கிய முறையில், ஒவ்வொரு அடுக்காக எடுத்து உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்து, நோய் மிச்சமிருக்கும் திசையில் மட்டும் மேலும் எடுப்பார்கள். கண், மூக்கு ஓரங்களில் நல்ல தோலை மிச்சப்படுத்த இது பெரிதும் உதவும். மாமியாரை வற்புறுத்தாமல், அவர் பேச்சை மதிக்கும் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, மருத்துவரின் வாயாலேயே இதைக் கேட்கச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. திருமணமான புதிதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துக் கழுத்திலும் தாடையிலும் தீக்காயம் பட்டது. அந்தத் தழும்பு இத்தனை ஆண்டுகள் தொந்தரவு தரவில்லை. சென்ற ஆண்டு முதல் அதன் நடுவில் வெடிப்பு விட்டு, புண்ணாகி, இப்போது நாற்றமும் வருகிறது. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, ஆத்தூர்

பதில்: சகோதரி, இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. தீ பட்ட நாளிலிருந்து நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் துன்பத்தோடு இந்தக் கூச்சத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். தழும்பை மறைக்கச் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திப் பழகிய பெண்கள், அதற்குள் புண் வளர்வதைக் கணவரிடம்கூடக் காட்டாமல் ஓராண்டு, இரண்டாண்டு கழித்து வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆகவேதான் உங்கள் கடிதத்தை இந்த இதழிலேயே வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன்.

பழைய தீக்காயத் தழும்பில் பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் புற்றுநோய்ப் புண்ணுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். தழும்பில் உண்டாகும் இத்தகைய புண்களை 1828இல் விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலினின் பெயரால் அது வழங்குகிறது. தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் இடையே சராசரியாக முப்பது ஆண்டுகள்கூடக் கழிவதுண்டு. நம்மைப் போன்ற கறுத்த தோல் உள்ளவர்களுக்கு, வெயிலால் வருவதைக் காட்டிலும் இப்படித் தழும்பிலும் நாட்பட்ட புண்ணிலும் வருவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. மேலைநாட்டு நூல்கள் வெயிலைப் பற்றியே அதிகம் பேசுவதால் இது நம் மக்களிடம் சரியாகச் சென்று சேரவில்லை. ஒட்டுத்தோல் வைக்காமல் தானாக ஆறவிடப்பட்டு, இழுத்துப் பிடித்து, அடிக்கடி வெடித்து ஆறும் தழும்புகளில் இது கூடுதலாக வருகிறது. சாதாரணத் தோலில் தோன்றும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயைவிட இது முரட்டுத்தனமானது. நெறிக்கட்டிக்கும் விரைவில் செல்லக்கூடியது.

ஆகவே புண்ணின் விளிம்பிலிருந்து, தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து, துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை எடுத்ததில் ஒன்றுமில்லை என்று வந்தும் புண் ஆறாவிட்டால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நோய் உறுதியானால், தழும்பின் அந்தப் பகுதியை அகலமாக நீக்கிவிட்டு, தொடையிலிருந்தோ மார்பிலிருந்தோ தோல் எடுத்துப் பிளாஸ்டிக் சர்ஜரி முறையில் மூடுவார்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் இழுத்துப் பிடித்திருந்தால், அதே அறுவையில் அதையும் ஓரளவு தளர்த்திவிட முடியும். எல்லாப் பழந்தழும்பும் இப்படி மாறிவிடுவதில்லை. பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் தழும்பாகவே இருந்துவிடும். புதிதாக வெடித்த இடம் நான்கு வாரங்களில் ஆறாவிட்டால் மட்டும் காட்டினால் போதும்.

கேள்வி: என் கணவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய கன்னத்தில் இருந்த சிறு கட்டியைச் சென்ற ஆண்டு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் எடுத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது, இனி வர வேண்டியதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது காதுக்கு முன்னால் எலுமிச்சை அளவில் கட்டி வந்திருக்கிறது. கன்னத்தில் மரமரப்பும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் இருப்பதாகச் சொல்கிறார். உமிழ்நீர்ச் சுரப்பியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். கன்னத்தில் வந்ததற்குக் கழுத்தை ஏன் அறுக்க வேண்டும்? முகம் கோணிவிடும் என்றும் சொல்கிறார்களே?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள ஒவ்வொரு விவரமும் முக்கியமானது, அம்மா. கன்னம், நெற்றி, காது, தலையின் முன்பகுதி ஆகிய இடங்களின் தோலிலிருந்து வரும் நிணநீர், காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் உள்ள நெறிக்கட்டிகள் வழியாகவே கழுத்துக்கு இறங்குகிறது. ஆகவே கன்னத்தில் இருந்து நகர்ந்த புற்றுச் செல்கள் முதலில் தங்கும் இடம் அதுவாகும். கன்னத்துத் தழும்பு நன்றாக ஆறியிருக்கும்போதே, ஓராண்டு கழித்து அங்கே கட்டி தெரிவது இந்த நோயில் நாங்கள் வழக்கமாகக் காண்பதுதான். அப்படி வந்தவர்களில் கணிசமானோருக்குக் கழுத்து நெறிக்கட்டிகளிலும், கையில் தட்டுப்படாத அளவில், நோய் இருக்கும். கழுத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்வதன் காரணம் அதுவே. உங்கள் மருத்துவர்கள் சொல்லும் வழி சரியானது.

மரமரப்பும் எறும்பு ஊர்தலும் என்னை அதிகம் கவலை கொள்ளச் செய்கின்றன. ஸ்குவாமஸ் செல் புற்றுநோய்க்கு நரம்புகளின் உறையைப் பற்றிக்கொண்டு மெல்ல மண்டையோட்டின் அடிப்பகுதி வரை நகரும் இயல்பு உண்டு. அறுவைக்கு முன் நரம்புகளின் பாதையைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லையென்றால் இந்த அறிகுறிகளைத் திரும்பவும் அழுத்திச் சொல்லுங்கள். சென்ற ஆண்டு எடுத்த கட்டியின் பயாப்ஸி அறிக்கையையும் தேடி எடுத்துச் செல்லுங்கள். கட்டி எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருந்தது, விளிம்பில் நோய் மிச்சம் இருந்ததா, நரம்பைச் சூழ்ந்திருந்ததா என்ற நான்கு விவரங்களும் அதில் இருக்க வேண்டும். கட்டி 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் சென்றாலோ, நரம்பைத் தொட்டிருந்தாலோ அது திரும்பி வரும் வாய்ப்பு உயர்ந்துவிடுகிறது. அத்தகையவரிடம் இனி வர வேண்டியதில்லை என்று யார் சொன்னாலும் அது தவறான அறிவுரை. இந்த நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அந்தக் காலத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாவது தழும்பையும் நெறிக்கட்டிகளையும் தடவிப் பார்க்க வேண்டும்.

முகம் கோணுவது பற்றி: கண்ணை மூடவும் வாயைச் சிரிக்க வைக்கவும் உதவும் முகநரம்பு இந்தச் சுரப்பிக்கு நடுவே கிளைவிட்டுச் செல்கிறது. நரம்பு நோயால் பிடிக்கப்படாமல் இருந்தால் அதன் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காப்பாற்றிவிடுவோம். அப்போதும் சில வாரங்களோ மாதங்களோ முகம் ஒரு பக்கம் தளர்ந்திருந்து பிறகு சீராகலாம். நரம்புக்குள்ளேயே நோய் புகுந்திருந்தால் அதை விட்டுவைக்க முடியாது. அப்போது வேறிடத்திலிருந்து நரம்பு எடுத்து இணைப்பதற்கும், கண் வறண்டு போகாமல் காப்பதற்கும் வழிகள் உள்ளன. அறுவைக்கு முன்பே இதை உங்கள் கணவரிடம் வெளிப்படையாகப் பேசச் சொல்லி மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை.

கரண்ட் வைப்பது என்று நீங்கள் எழுதியிருக்கும் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நடக்கும். அதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டிச் சொத்தைப் பற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தோல் கறுத்து உரிவதும், வாய் வறள்வதும், சுவை மங்குவதும் உண்டு. இடையில் நிறுத்தினால் சிகிச்சையின் பயன் குறையும் என்பதால், பட்டறை வேலையை அந்த ஆறு வாரங்களுக்கு வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள். கதிர்வீச்சோடு கீமோ மருந்தும் சேர்ப்பதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே கீமோ தரவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அட்டை இல்லையென்றால், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்புள்ளிகள் உள்ளன. இவை தோல் புற்றுநோயாக மாறுமா?
– வாசகர், ஓமலூர்

பதில்: மாறாது. அந்த இடம் வெயிலில் விரைவில் சிவந்து எரியும் என்பதால் குடையும் சன்ஸ்கிரீனும் பயன்படுத்துங்கள். வெண்புள்ளி இருப்பதை முன்னிட்டுப் புற்றுநோய்ப் பரிசோதனை எதுவும் தேவையில்லை.

கேள்வி: என் மகள் பிறந்ததிலிருந்தே முடியும் தோலும் வெளுத்தவள், அல்பினிசம் என்று சொன்னார்கள். ஆறு வயதாகிறது. எங்கள் வீட்டுக்கு அருகே ஜவ்வரிசி காயவைக்கும் களம் இருக்கிறது. அங்கேதான் பிள்ளைகள் எல்லோரும் விளையாடுவார்கள். அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க மனம் வரவில்லை.
– வாசகி, வாழப்பாடி

பதில்: வைத்திருக்கவும் வேண்டாம். விளையாடும் நேரத்தையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் போதும். மெலனின் மிகக் குறைவாக இருப்பதால் உங்கள் மகளின் தோலுக்கு வெயிலைத் தாங்கும் இயற்கையான காப்பு இல்லை. கவனிக்காமல் விட்டால், மற்றவர்களுக்கு அறுபது வயதில் வருவது இப்பிள்ளைகளுக்கு இருபது, முப்பது வயதிலேயே முகத்திலும் கழுத்திலும் வந்துவிடுகிறது. முறையாகக் காத்தால் இதைப் பெருமளவு தடுத்துவிட முடியும் என்பதால், இன்று நீங்கள் எழுதியதை மிகவும் நல்ல காரியமாகக் கருதுகிறேன்.

ஜவ்வரிசிக் களத்தின் வெள்ளைப் பரப்பு மேலிருந்து விழும் ஒளியைத் திருப்பி அடிப்பதால் தொப்பி போட்டிருந்தாலும் முகத்துக்குக் கீழிருந்து கதிர் படும், கண்ணும் கூசும். காலை பத்து மணி முதல் நான்கு மணி வரை அந்தக் களத்தைத் தவிர்த்து, மர நிழலில் விளையாட விடுங்கள். காதையும் பிடரியையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கை வைத்த நெருக்கமான நெசவுத் துணி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் வேண்டும். சன்ஸ்கிரீனைக் காது விளிம்பிலும் உதட்டிலும் தடவ மறக்கக் கூடாது. வெயிலில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் துணிக்கும் தொப்பிக்கும் முதலிடம் கொடுங்கள். நான் சன்ஸ்கிரீனைவிட அவற்றையே அதிகம் நம்புகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பார்வையும் மங்கலாக இருக்கும் என்பதால் கண் மருத்துவரிடமும் காட்டி, வகுப்பில் முதல் வரிசையில், சன்னல் வெயில் விழாத இடத்தில் அமர்த்தும்படி ஆசிரியையிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நெற்றியில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் வந்து, எடுத்துவிட்டார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைக் குணப்படுத்தும் புதிய ஊசி இருப்பதாகப் படித்தோம். அதைப் போட்டுவிட்டால் மறுபடி வராமல் இருக்குமா?
– வாசகர், சேலம்

பதில்: நீங்கள் படித்தது செமிப்லிமாப் என்ற மருந்தைப் பற்றியதாக இருக்கும். அறுவையாலும் கதிர்வீச்சாலும் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு முற்றிய இந்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2018இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அறுவைக்கு முன் அதைக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 79 பேரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, பின்னர் எடுத்த சதையில் உயிருள்ள புற்றுச் செல்லே காணப்படவில்லை. இந்த நோயில் இவ்வளவு நல்ல செய்தியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனால் உங்கள் அண்ணனின் நிலைமை வேறு. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் இருப்பதற்காக அவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை உண்கிறார். அந்த அடக்கமே இந்தப் புற்றுநோய் வருவதற்கும் வழிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியைப் போட்டால் அது சிறுநீரகத்தையும் தாக்கி, மறுபடி டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலையை உண்டாக்கலாம். கட்டி முழுமையாக எடுக்கப்பட்டுவிட்ட அவருக்கு அந்த ஆபத்தை ஏற்க இப்போது காரணமில்லை.

செய்ய வேண்டியது வேறொன்று. தோல் புற்றுநோய் வந்த விவரத்தைச் சிறுநீரக மருத்துவரிடம் அறிக்கையோடு தெரிவியுங்கள். அடக்கும் மாத்திரையின் அளவைக் குறைப்பதோ, சிரோலிமஸ் போன்ற வேறு மாத்திரைக்கு மாற்றுவதோ புதிய தோல் புற்றுநோய்கள் வருவதைக் குறைக்கக்கூடும். அதைச் சிறுநீரக மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். அண்ணன் பயந்துபோய்த் தாமாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்திவிடக் கூடாது. ஒரு முறை வந்தவருக்கு வேறிடத்தில் மறுபடி வருவது மாற்று உறுப்பு பெற்றவர்களிடம் மிகவும் சாதாரணம் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமுடியை விலக்கி உச்சந்தலை, காதுகளின் பின்புறம், உதடு, பிடரி, கைகள் என்று முழுத் தோலையும் மருத்துவர் பார்க்க வேண்டும். தம்மால் பார்க்க முடியாத உச்சந்தலையையும் காதின் பின்புறத்தையும் மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் நீங்களே அவருக்குப் பார்த்துச் சொல்லலாம்.